லாரி வருவதற்குள் அப்டேட் முடிய வேண்டும்

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி. சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றியுள்ள ஹட்டிகளில் (மலைக் கிராமங்களில்) இருக்கும் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி சி.டி.சி. தூள், அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் முறையில் வரும் தூள், ஓட்டுகிற இடம். ஆபீஸ் அறை மூலையில் ஒரு ராக்கில் இருக்கும் சர்வரில்தான் இலைக் கணக்கு முழுவதும் ஓடுகிறது. யார் எத்தனை கிலோ கொடுத்தார், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், முன்பணம் எவ்வளவு போயிருக்கிறது, மாதக் கடைசியில் கைக்கு எவ்வளவு வரும், எல்லாம் அதில்தான். டெபியன் 12 என்ற லினக்ஸ், கணக்கைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், பிரவுசரில் திறக்கிற ஒரு சின்ன மென்பொருள், ரிப்போர்ட் எடுத்துக்கொள்ள ஒரு சாம்பா ஷேர் (மற்ற கம்ப்யூட்டர்களோடு ஃபைல் பகிரும் ஃபோல்டர்). இந்த சர்வருக்கு செக்யூரிட்டி அப்டேட்டுகள் தானாக இறங்கி, தானாக நிறுவப்பட்டு, தேவைப்பட்டால் ரீபூட்டும் ஆகும்படி செய்ததைத்தான் எழுதுகிறேன். இதற்கான செய்முறை இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும், எல்லாம் பத்து வரிதான். அந்தப் பத்து வரி இந்த மலையில் ஏன் போதவில்லை என்பதில்தான் வேலை முழுவதும் இருந்தது.

முதலில் முதலாளி சம்மதிக்க வேண்டும். அவர் கேட்ட இரண்டு கேள்வியும் நியாயமானவை. "ஃபயர்வால் இருக்கே, வெளியிலிருந்து யாரும் உள்ள வர முடியாதுன்னுதானே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு அப்டேட்?" என்பது ஒன்று. "ஏதோ ஒரு அப்டேட்டால ஏர்போர்ட்டெல்லாம் நின்னுச்சே, அது இங்க நடந்தா விவசாயிக்கு யார் பதில் சொல்றது?" என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு 2017-ஐச் சொன்னேன். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நச்சு மென்பொருள் அந்த வருடம் மே 12 அன்று பரவியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. ஒரு நெட்வொர்க்கில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்துவிட்டால் போதும், ஃபைல் பகிரும் வழியாகவே பக்கத்து மெஷின்களுக்குத் தொற்றிக்கொண்டது. அது விண்டோஸ் கதை, நமக்கென்ன என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதே மே மாதம் சாம்பாவிலும் ஒரு ஓட்டை வெளிவந்தது, 3.5.0-வுக்குப் பிந்தைய பதிப்புகள் எல்லாவற்றிலும் இருந்தது. நம் சர்வரில் சாம்பா ஷேர் இருக்கிறது, ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வருகிறவர் பென் டிரைவோடுதான் வருகிறார். வெளிக்கதவைப் பூட்டியதால் உள்ளே எல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது.

இரண்டாவது கேள்வி 2024 ஜூலை 19-ஐப் பற்றியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது, ஏற்பாட்டில்தான் தீர்க்க முடியும். எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, முதலில் போனால் போகட்டும் என்கிற ஒரு மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும், சர்வரில் போடும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், போடுவதற்கு முன் கணக்கு ஒரு நகல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த நாலும் இருந்தால் சரி என்றார். நாலும் இருக்கிற மாதிரிதான் செய்திருக்கிறேன்.

இனி ஃபயர்வால். மைக்ரோடிக் ரவுட்டர். சர்வர் தனி வி.லேனில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதியில், இருக்கிறது, அதிலிருந்து வெளியே போகும் எல்லாம் அடைப்பு. முன்பு இதை அமைத்துக் கொடுத்துப் போனவர் அப்டேட்டுக்காக மட்டும் சில ஐபி எண்களை எழுதி, அவற்றுக்கு வழி விட்டிருந்தார். அவர் எழுதிய அன்று அது வேலை செய்திருக்கும். ஆனால் அப்டேட் கிடைக்கும் முகவரியான டெப்.டெபியன்.ஆர்க் என்பது ஒரு கட்டடத்தில் இருக்கும் ஒரு மெஷின் இல்லையே. ஃபாஸ்ட்லி என்கிற சி.டி.என். (பல இடங்களில் பிரதி வைத்துப் பரிமாறும் சர்வர் வலை) வழியாக வருகிறது, எண் மாறும். அதனால் சில நாள் அப்டேட் ஓடும், சில நாள் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும்.

மைக்ரோடிக்கின் அட்ரஸ் லிஸ்டில் எண்ணுக்குப் பதில் பெயரையே கொடுக்கலாம், ரவுட்டர் அவ்வப்போது பெயருக்கு எண் சொல்லும் டி.என்.எஸ்-ஐக் கேட்டு எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளும். அதைச் செய்து பார்த்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. எங்கிருந்து வாங்குவது என்று சொல்லும் சோர்ஸஸ் ஃபைலில் டெப்.டெபியன்.ஆர்க் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் டெபியனில் மென்பொருள்களை இறக்கி நிறுவும் ஆப்ட் ஓடும்போது திரையில் ‘டெபியன்.மேப்.ஃபாஸ்ட்லிடிஎன்எஸ்.நெட்’ என்ற பெயரோடு இணைக்கப் பார்க்கிறது. காரணம், ஆப்ட் முதலில் டி.என்.எஸ்-இல் எஸ்.ஆர்.வி. பதிவு என்ற ஒன்றைத் தேடுகிறது, அது எந்த மெஷினைக் காட்டுகிறதோ அங்கே போகிறது. நாம் லிஸ்டில் கொடுத்த பெயர் ஒன்று, அது போய் நிற்கும் இடம் வேறு. ‘அக்கொயர்::எனேபிள்-எஸ்ஆர்வி-ரெக்கார்ட்ஸ்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் இதை நிறுத்தலாம், அதன் பிறகும் சர்வரும் ரவுட்டரும் ஒரே நொடியில் ஒரே எண்ணைப் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பாக்கி. பெயரை வைத்து எண்ணைத் திறக்கிற இந்த முறையே பலவீனமானது என்பது என் எண்ணம். ஒரு சி.டி.என். எண்ணுக்கு வழி விட்டால் அதே எண்ணில் இருக்கும் ஆயிரம் தளங்களுக்கும் சேர்த்துத்தான் வழி விடுகிறோம்.

அதனால் சர்வருக்கு வெளியே வழியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆபீஸில் சும்மா கிடந்த ஒரு மினி பி.சி.யில் அதே டெபியன் 12-ஐப் போட்டு, ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவினேன். இது ஆப்டுக்கென்றே இருக்கும் ப்ராக்ஸி, 3142-ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். சர்வர் இதனிடம் கேட்கும், இது வெளியே போய் வாங்கி வந்து ஒரு பிரதியைத் தன்னிடமும் வைத்துக்கொண்டு கொடுக்கும். ஃபயர்வாலில் சர்வர் வி.லேனிலிருந்து இந்த மினி பி.சி.யின் 3142-க்கு மட்டும் ஒரே ஒரு விதி. சர்வர் பக்கம் ‘ஆப்ட்.கான்ஃப்.டி’ ஃபோல்டரில் ‘அக்கொயர்::எச்டிடிபி::ப்ராக்ஸி’ என்று ஒற்றை வரி. ப்ராக்ஸி வழியாகப் போகும்போது பெயரைத் தேடும் வேலையும் ப்ராக்ஸியுடையதுதான், ஆகவே சர்வருக்கு வெளி டி.என்.எஸ். கூடத் தேவைப்படவில்லை. எஸ்.ஆர்.வி. தகராறும் அதோடு போயிற்று.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி, அப்படியே விட்டால், டெபியன் அல்லாத வேறு தளத்தைக் கேட்டாலும் எச்.டி.டி.பி. வழியாக வாங்கிக் கொடுத்துவிடும். சர்வரை அடைத்து வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்து விட்ட மாதிரி. அதன் கான்ஃபிக் ஃபைலில் ‘ஃபோர்ஸ்மேனேஜ்டு’ என்று ஒரு வரி இருக்கிறது, அதை 1 ஆக்கினால் பட்டியலில் உள்ள களஞ்சியங்கள், அதாவது மென்பொருள் கிடைக்கும் தளங்கள், தவிர வேறு எங்கும் போகாது. டெபியனுக்கான முகவரிகள் ஏற்கெனவே அந்த ஃபைலில் எழுதப்பட்டே வருகின்றன, நாம் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். போஸ்ட்கிரெஸையும் வெளிக் களஞ்சியத்திலிருந்து எடுக்காமல் டெபியன் தருகிற 15-ஐயே வைத்திருப்பதால் கூடுதல் முகவரிகளும் இல்லை. புதிய பதிப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பேன். இலைக் கணக்குக்கு 15 ஏராளம்.

எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் வெறும் எச்.டி.டி.பி.யில் வாங்குகிறோமே, நடுவில் யாராவது மாற்றிவிட்டால் என்று கேட்கலாம். ஒவ்வொரு களஞ்சியத்திலும் ‘இன்ரிலீஸ்’ என்று ஒரு ஃபைல் டெபியனின் சாவியால் கையொப்பமிட்டு வருகிறது, மற்ற ஃபைல்களின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்) எல்லாம் அந்தச் சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு எழுத்து மாறினாலும் ஆப்ட் ஏற்காது. என்ன வாங்குகிறோம் என்று நடுவில் இருப்பவருக்குத் தெரியும், அவ்வளவுதான். தேயிலை ஃபேக்டரி லிபிசி என்ற அடிப்படை நூலகத்தின் அப்டேட் எடுத்ததைத் தெரிந்துகொண்டு யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை.

கேச் வைத்ததில் இன்னொரு லாபம். ஃபேக்டரியில் ஃபைபர் இணைப்பு ஒன்று, அது அறுந்தால் தானாக மாறிக்கொள்ள ஒரு சிம் போட்ட 4ஜி. கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களில் சில்வர் ஓக் கிளை ஒன்று ஒயர் மேல் விழுந்தாலே ஃபைபர் போய்விடும், சரி செய்ய ஆள் மேலே வரும் வரை 4ஜிதான். அந்த டேட்டா முழுவதும் அப்டேட்டுக்குப் போய்விட்டால் ஏல விலை பார்க்கக்கூட இருக்காது. அதனால் மினி பி.சி.யிலிருந்து வெளியே போவதற்கான விதியை ஃபைபர் இருக்கும் இன்டர்ஃபேஸுக்கு மட்டும் எழுதினேன். 4ஜியில் ஓடும்போது அப்டேட் தோற்கும், தோற்கட்டும். ஃபைபர் வந்ததும் மறுநாள் இறங்கிக்கொள்ளும்.

கரண்ட் போகும் இடங்களில் இந்தக் கேச் எப்போதாவது பாதி இறங்கிய ஃபைலோடு நின்றுவிடும். அப்போது சர்வரில் ‘ஹேஷ் சம் மிஸ்மேட்ச்’ என்று வரும். களஞ்சியத்தில் ஒன்றும் கோளாறு இல்லை, மினி பி.சி.யின் 3142-ஐப் பிரவுசரில் திறந்தால் கேச்சைச் சரிபார்க்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதை ஓட்டினால் கெட்டுப்போனது கழிந்துவிடும்.

அடுத்தது கடிகாரம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஆப்ட், ‘இந்த ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் இத்தனை மணி நேரம் இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு பிழை காட்டியது. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருந்தது, யு.பி.எஸ்-உம் அடங்கிய பிறகு கடிகாரம் நின்றுவிட்டது. நேரத்தைச் சரிசெய்யும் சிஸ்டம்டி-டைம்சின்க் கடைசியாகப் பார்த்த நேரத்தை டிஸ்க்கில் குறித்து வைத்துக்கொள்ளும், அதனால் கடிகாரம் 2000-க்கோ 1970-க்கோ போகவில்லை, மெஷின் அணைந்திருந்த நேரம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் பின்தங்கி நின்றது. சர்வரின் கணக்கில் இன்று வந்த ரிலீஸ் ஃபைல் நாளைய தேதி போட்டது. எதிர்காலத்திலிருந்து வரும் ஃபைலை ஆப்ட் ஏற்பதில்லை. செக்யூரிட்டி களஞ்சியத்தின் ஃபைல் சுமார் ஒரு வாரத்துக்கு மேல் பழையதாகிவிட்டாலும் ஏற்பதில்லை, பழைய பட்டியலைக் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்க அந்தக் கெடு. ஆக நேரம் சரியாக இல்லாமல் அப்டேட் என்பதே இல்லை.

நேரம் வாங்கும் என்.டி.பி. வெளியே போக வேண்டியது யு.டி.பி. 123-இல், சர்வருக்கு அதுவும் அடைப்பு. அதைத் திறக்காமல் ரவுட்டரையே நேரம் வாங்கச் சொல்லி, ரவுட்டரிடமிருந்து சர்வர் வாங்குவதாக மாற்றினேன். ரவுட்டர்ஓஎஸ் 7-இல் என்.டி.பி. சர்வர் உள்ளேயே இருக்கிறது. டைம்சின்க் கான்ஃபிக்கில் ரவுட்டரின் எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. பேட்டரியும் மாற்றியாயிற்று. அதற்காக மூடியைத் திறந்தபோது விசிறி இதழ்களில் டீ ஃபைபர் தூசி பழுப்பாக, கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஃபேக்டரிக்குள் சர்வர் வைத்திருப்பவர்கள் அப்டேட்டோடு சேர்த்து இதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரக்காற்றில் அந்தத் தூசி ஒட்டிக்கொண்டால் ஊதினாலும் போகாது, பிரஷ்தான்.

இப்போது நேரக் குறிப்புக்கு வருகிறேன், விஷயம் முழுவதும் இங்கேதான். அப்டேட்டுகளைத் தானாகப் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் மென்பொருளை நிறுவி, ‘20ஆட்டோ-அப்கிரேட்ஸ்’ ஃபைலில் இரண்டு வரியிலும் 1 போட்டால் தானியங்கி வேலை தொடங்கிவிடும். ஆனால் எப்போது? அதைத் தீர்மானிப்பது இரண்டு டைமர்கள். ‘ஆப்ட்-டெய்லி’ பட்டியலைப் புதுப்பித்து ஃபைல்களை இறக்கி வைக்கும், ‘ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்’ அவற்றை நிறுவும். முதலாவது காலை 6, மாலை 6 என்று எழுதியிருந்தாலும் 12 மணி நேரம் வரை தள்ளிப்போகும்படி வைத்திருக்கிறார்கள், உலகத்து மெஷின்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் களஞ்சியத்தின் மேல் விழக் கூடாதே. இரண்டாவது காலை 6 மணி, ஒரு மணி நேரம் வரை தாமதத்தோடு.

வழக்கமான அறிவுரை, ராத்திரி இரண்டு மணிக்குப் போடு, யாரும் இருக்க மாட்டார்கள் என்பது. தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் எல்லோரும் இருப்பார்கள். பகலில் பறித்த இலை மதியமும் மாலையும் லாரியில் வரும், விதரிங் ட்ரஃபில் பரப்பி வாட்டுவார்கள், அது பதத்துக்கு வந்ததும் நடுராத்திரியிலிருந்து சி.டி.சி. ஓடத் தொடங்கும், அப்புறம் ஃபெர்மென்டிங், டிரையர், சலிப்பு. டீ மேக்கர் பதம் பார்த்துக்கொண்டு, எவ்வளவு தூள் விழுந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிற நேரம் அது. அந்நேரம் சர்வர் எழுந்திருக்காமல் போனால் அவர் யாரை எழுப்புவார்? என்னைத்தான், நான் குன்னூரில் இருக்கிறேன், பனிமூட்டத்தில் வண்டி எடுக்கிற நேரமா அது.

மாலை நேரம் அதைவிட மோசம். ஐந்து மணியிலிருந்து எட்டு வரை லீஃப் லாரிகள் வரிசையில் நிற்கும். சர்வர் நின்றால் எடையைத் துண்டுச் சீட்டில் எழுதுவார்கள், பிறகு உட்கார்ந்து ஏற்றுவார்கள். மழை நாளில் இலையின் ஈரத்துக்கு ஒரு கழிவு உண்டு, அந்தக் கழிவு சதவீதம் சீட்டில் ஒன்றாகவும் கணக்கில் ஒன்றாகவும் ஏறிவிட்டால் மறுநாள் ஆபீஸ் வாசலில் சண்டைதான். அப்டேட்டால் வரக்கூடிய உண்மையான நஷ்டம் இது.

கணக்குப் பார்க்கும் அக்காவிடம் கேட்டேன், சிஸ்டத்தை யாருமே தொடாத நேரம் எது என்று. யோசிக்காமலே சொன்னார்: "திங்கக்கிழமை காலையில, பத்தரையிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் ஈ ஓட்டிக்கிட்டுதான் இருப்போம் தம்பி." இந்த ஃபேக்டரி ஞாயிறு இலை எடுப்பதில்லை, சனிக்கிழமை இலை ஞாயிறு பகலுக்குள் ஓடி முடிந்துவிடும், திங்கள் பறிப்பின் முதல் லாரி மதியம் ஒரு மணிக்குத்தான். ஆபீஸில் ஆள் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் இருக்கிறார், நானும் விழித்திருப்பேன், கடையும் திறந்திருக்கும். இதைவிட நல்ல நேரம் எந்த மேனுவலிலும் கிடைக்காது.

ஆகவே, இறக்கும் டைமர் தினமும் அதிகாலை 3.30, நிறுவும் டைமர் திங்கள் காலை 10.30. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கொடுத்து மேலே ஒரு சின்ன ஃபைலாக எழுதுவதுதான் முறை, மூல ஃபைலைத் தொட்டால் அடுத்த அப்டேட்டில் போய்விடும். எழுதும்போது முதலில் ‘ஆன்காலண்டர்=’ என்று வெறுமையாக ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் நாம் எழுதும் நேரம் பழைய நேரத்தோடு சேர்ந்துகொள்ளும், திங்களும் ஓடும், தினமும் காலை ஆறுக்கும் ஓடும். ‘ரேண்டமைஸ்டுடிலேசெக்’ என்பதை நிறுவும் டைமரில் 0 ஆக்கினேன், இறக்கும் டைமரில் அரை மணி விட்டேன். எழுதி முடித்ததும் ‘லிஸ்ட்-டைமர்ஸ்’ போட்டு அடுத்த ஓட்டம் எப்போது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் ‘பெர்சிஸ்டென்ட்’. இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. இரண்டு டைமரிலும் அது ட்ரூ என்றுதான் வருகிறது. அதன் அர்த்தம், குறித்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால், மறுபடி எழுந்த உடனே விட்ட வேலையைச் செய்துவிடும். டேட்டா சென்டரில் அது நல்ல குணம். இங்கே திங்கள் காலை கரண்ட் போய், யு.பி.எஸ். தீர்ந்து, மாலை 5.40-க்குக் கரண்ட் வந்தது என்று வையுங்கள். வாசலில் லாரிகள், அக்கா அவசர அவசரமாகச் சிஸ்டத்தைத் திறக்கிறார், அதே நிமிடம் பின்னால் போஸ்ட்கிரெஸ் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகிறது. நிறுவும் டைமரில் இதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டேன். ஒரு திங்கள் தவறினால் அடுத்த திங்கள். ஒரு வாரத் தாமதம் ஆபத்து இல்லையா என்றால், வெளியே ஒரு போர்ட்கூடத் திறந்திராத சர்வருக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம் என்பது என் முடிவு. நேரடியாக இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர் என்றால் இப்படிச் செய்ய மாட்டேன், தினமும் போடுவேன்.

யு.பி.எஸ். பற்றி. அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸில் ‘மெயின்ஸில் இருந்தால் மட்டும் ஓடு’ என்று ஒரு வசதி இருக்கிறது, ஆனால் அது லேப்டாப் பேட்டரியை மனதில் வைத்தது, தனியாக நிற்கும் யு.பி.எஸ்-ஐ அதற்குத் தெரியாது. நட் மென்பொருள் வழியாக யு.பி.எஸ்-இன் நிலையைக் கேட்டால் மெயின்ஸில் இருக்கும்போது ‘ஓ.எல்.’ என்றும் பேட்டரியில் இருக்கும்போது ‘ஓ.பி.’ என்றும் சொல்லும். நிறுவும் சர்வீஸில் ‘எக்ஸெக்கண்டிஷன்’ வரியாக இந்தக் கேள்வியைச் சேர்த்தேன். ஓ.எல். வந்தால் மேலே போகும், இல்லையென்றால் தவறு என்று கத்தாமல் அன்றைக்கு விட்டுவிடும். அதற்கு அடுத்து ‘எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ’ வரியில் பிஜி-டம்ப். கணக்கு முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்கும், நகல் தோற்றால் நிறுவும் வேலையே தொடங்காது. முதலாளிக்குக் கொடுத்த வாக்குகளில் ஒன்று அப்படி நிறைவேறியது.

எதையெல்லாம் நிறுவ விடுவது என்பது ‘50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ ஃபைலில் இருக்கிறது. டெபியனில் அது சாதாரண அப்டேட்டையும் செக்யூரிட்டியையும் சேர்த்தே அனுமதித்து வருகிறது. சர்வரில் செக்யூரிட்டி வரியை மட்டும் விட்டு மற்றதை அடைத்தேன், மீதியை நான் போகும்போது கையால் போட்டுக்கொள்கிறேன். புதிது வந்த உடனே வேண்டும் என்ற ஆசை சர்வருக்கு ஆகாது. 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்.இசட். என்ற ஃபைல் சுருக்கும் நூலகத்தில் யாரோ ஒளித்து வைத்த பின்கதவு வெளிவந்ததே, அது டெபியனின் சோதனைப் பதிப்புகளான டெஸ்டிங், அன்ஸ்டேபிள் வரைக்கும் வந்திருந்தது, நிலையான பதிப்பான ஸ்டேபிளைத் தொடவில்லை.

மினி பி.சி.க்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அது தினமும் போட்டுக்கொள்கிறது, தேவைப்பட்டால் தானே ரீபூட் ஆகிறது. சர்வரில் இருக்கும் அதே போஸ்ட்கிரெஸும் சாம்பாவும் அதிலும் சும்மா ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏதாவது கோளாறான அப்டேட் என்றால் பெரும்பாலும் திங்களுக்கு முன்னாலேயே அது படுத்துவிடும். அது படுத்தால் சர்வருக்கு அப்டேட் கிடைக்கும் வழியும் அதோடு அடைபடும், இது தானாக அமைந்த பாதுகாப்பு.

ரீபூட்டுக்கு அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸிலேயே ‘ஆட்டோமேட்டிக்-ரீபூட்-டைம்’ இருக்கிறது. அதில் 11.15 என்று கொடுத்து, நிறுவும் வேலை 11.20-க்கு முடிந்தால் என்ன ஆகும்? செவ்வாய் 11.15-க்கு ரீபூட் ஆகும். செவ்வாய் அந்நேரம் பக்கத்து ஹட்டியிலிருந்து சின்ன வண்டிகளில் இலை வந்துகொண்டிருக்கும். அதனால் அதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டுத் தனியாக ஒரு டைமர் எழுதினேன், திங்கள் 11.30. அது அழைக்கும் சர்வீஸில் ‘கண்டிஷன்பாத்எக்ஸிஸ்ட்ஸ்’ என்று ‘ரன்’ ஃபோல்டரில் உள்ள ‘ரீபூட்-ரெக்வயர்டு’ ஃபைலைக் காட்டினால் போதும். புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்திருந்தால் அந்த ஃபைல் இருக்கும், ரீபூட் ஆகும். இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. ஸ்கிரிப்ட்டே தேவையில்லை. பிறகு முதல் லாரிக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது, ஏதாவது ஆனால் அதற்குள் ஒரு மனிதன் குன்னூரிலிருந்து வந்து சேரலாம்.

கடைசியாக, எல்லாம் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? மெயில் அனுப்பலாம், ஆனால் சர்வரிலிருந்து மெயில் வெளியே போக வழியில்லை, எனக்கும் மெயில் வந்து குவிவதில் நம்பிக்கையில்லை. டைமர்களையும் சர்வீஸ்களையும் ஓட்டும் சிஸ்டம்டியைக் கேட்டால் பச்சையாகத்தான் காட்டும். ஆப்ட்-கெட் அப்டேட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஃபைலை இறக்க முடியாமல் போனாலும் ‘பழையதையே வைத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வெற்றி என்றே முடிந்துவிடும். மாதக்கணக்கில் ஒன்றுமே இறங்காமல் எல்லாம் நலம் என்று இருக்கலாம். அதனால் சர்வரில் இருக்கும் செக்யூரிட்டி களஞ்சியத்தின் இன்ரிலீஸ் ஃபைலைத் திறந்து, அதற்குள் டெபியன் போட்டிருக்கும் தேதியை எடுத்து, இலைக் கணக்கு மென்பொருளின் முதல் பக்கத்தில் கீழே ஒரு வரியாகக் காட்டினேன். பக்கத்திலேயே கடைசியாக எடுத்த நகலின் தேதி. அந்தத் தேதி பத்து நாளுக்கு மேல் பழையதானால் வரி சிவப்பாகும். அக்காவுக்கு அப்டேட் என்றால் என்னவென்று கவலையில்லை, ஆனால் தன் திரையில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. ஒரு மழைக்காலத்தில் 4ஜியிலேயே நாள் கணக்காக ஓடிக்கொண்டிருந்தபோது அவர்தான் போன் செய்தார், "தம்பி, அந்தக் கோடு சிவந்துபோச்சு." ரவுட்டரைப் பார்த்தால் ஃபைபர் இன்னும் வரவில்லை.

தானியங்கியாக விடாதது ஒன்று உண்டு, பதிப்பு மாற்றம். டெபியன் 12-க்கு எல்.டி.எஸ். (நீண்டகால செக்யூரிட்டி ஆதரவு) 2028 ஜூன் வரை இருக்கிறது, 13 ஏற்கெனவே 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. அதற்குப் போகும்போது போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து 17 ஆகும், கணக்கை முழுதாக மாற்றியெடுக்க வேண்டும், இரண்டு மணி நேர இடைவெளியில் செய்கிற வேலை இல்லை. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில், மழை நின்று இலை குறைந்து, ஃபேக்டரி வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் காலம் ஒன்று வரும். டீ மேக்கர் அப்போதுதான் ரோலர்களைக் கழற்றிச் சாணை பிடிக்க அனுப்புவார். அந்த வாரத்தையே எனக்கும் ஒதுக்கித் தரும்படி கேட்டிருக்கிறேன்.